பைபிளுக்குத் தமிழ் கொடுத்த நல்லூர்க்காரர்

ஓம் சரவணபவ!

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். நேரம் எடுத்துப் படிங்க.

போன தைப்பூசத்தன்னைக்கு நான் ஒரு தப்பு பண்ணினேன். காவடியைக் கேலி பண்ணி யாரோ போட்ட ஒரு வீடியோ நம்ம குரூப்ல சுத்திக்கிட்டு இருந்தது. அதுக்குப் பதிலடின்னு இன்னொரு ஃபார்வர்ட் வந்தது. பைபிளில் இந்த அதிகாரம், இந்த வசனம், இப்படி அசிங்கமா எழுதியிருக்கு, இதைப் படிக்கிறவங்க நம்மளைக் கேலி பண்ணலாமா என்று. எனக்கு ரத்தம் கொதிச்சது. அப்படியே ஸ்டேட்டஸ்ல வெச்சுட்டேன். மறுநாள் ஆபீஸ்ல, என் டீம்ல இருக்கிற ஒரு கிறிஸ்தவ நண்பர், கோபமே இல்லாம, அந்த வசனம் எங்கே இருக்குன்னு கேட்டார். போன்ல தேடினோம். அந்த அதிகாரத்தில் அத்தனை வசனமே கிடையாது. அவர் ஒண்ணும் சொல்லாம காபி வாங்கப் போயிட்டார். எனக்குத்தான் அன்னைக்கு வேலையே ஓடல.

அதுக்கப்புறம்தான் ஆறுமுக நாவலரைப் பத்தித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் உரைநடை வளர்ச்சி என்று ஒரு பத்தியில் வந்து போவார், ஞாபகம் இருக்கா? அவரேதான். கிறிஸ்தவத்தை எதிர்த்து நம்ம பக்கம் இருந்து வாதாடினவங்களில் அவர் அளவுக்கு வேற யாரும் தயாராகி வரலை. ஏன்னா அவர் எதிர்த்த அந்தப் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவர உழைச்ச கை அவருடைய கை.

முதல்ல ஊரைச் சொல்லணும். யாழ்ப்பாணம் நல்லூர். கந்தசுவாமி கோயில் இருக்கிற அதே நல்லூர். 1621ல் போர்த்துக்கீசர் பழைய கோயிலை இடிச்சாங்க. அவங்களுக்குப் பிறகு வந்த டச்சுக்காரர் காலத்திலும் வெளிப்படையா சைவரா இருக்கிறது கஷ்டம்தான். உத்தியோகம் வேணும்னா ஞானஸ்நானம் வேணும். பல குடும்பங்கள் பதிவேட்டில் கிறிஸ்தவர், அடுப்படியில் சைவர் என்று ரெட்டை வாழ்க்கை வாழ்ந்தாங்க. நாவலரின் முன்னோர்களில் ஒருத்தர் ஞானப்பிரகாசர். அதிகாரிகளின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு பசு கொடுக்கணும் என்ற முறை வந்தப்போ, தன் முறை வர்றதுக்கு முந்தின இரவே அவர் ஊரை விட்டுக் கிளம்பி சிதம்பரம் வந்துட்டார் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியா வந்த கதை. டச்சுக்காரர் காலத்திலேயே நல்லூர்க் கோயில் மறுபடி எழுந்தது. 1796க்கு அப்புறம் ஆங்கிலேயர் வந்ததும் கட்டாயம் போச்சு. அதுக்குப் பதிலா பள்ளிக்கூடமும் அச்சகமும் வெச்சுக்கிட்டு மிஷனரிகள் வந்தாங்க. இது புது மாதிரி போட்டி. இங்கே கத்தி இல்லை, காகிதம்.

இந்தச் சூழ்நிலையில் 1822 டிசம்பர் 18ஆம் தேதி, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் பிறந்த பிள்ளைக்கு ஆறுமுகம் என்று பெயர் வெச்சாங்க. நம்ம அப்பன் பேருதான். அப்பா தமிழ் தெரிஞ்சவர், நாடகங்கள் எழுதினவர். ஆறுமுகத்துக்கு ஒன்பது வயசு இருக்கும்போதே அவர் போயிட்டார். தமிழும் சைவமும் ஊர்ப் புலவர்களிடம் படிச்ச பையன், இங்கிலீஷுக்காக யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். அங்கே தலைவரா இருந்தவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார்.

பெர்சிவலைப் பத்தி நம்ம ஆளுங்க எழுதும்போது வில்லன் மாதிரி எழுதிடறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. தமிழ்ப் பழமொழிகளை ஓடி ஓடிச் சேர்த்தவர் அவர். 1874ல் வந்த அவருடைய தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேல பழமொழி இருக்கு. நம்ம பாட்டிமார் வாயில் இருந்ததை அச்சில் ஏத்தினதில் அந்த மனுஷனுக்குப் பெரிய பங்கு உண்டு. பைபிள் தமிழ் சரியில்லை, நல்ல தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் கூட உட்கார்ந்தாத்தான் வேலை நடக்கும் என்று அவருக்குப் புரிஞ்சிருந்தது. தன் பள்ளிக்கூடத்திலேயே படிச்சு, இருபது வயசுகூட நிறையாம அங்கேயே தமிழும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்த ஆறுமுகத்தைக் கூப்பிட்டு உட்கார வெச்சார். மதம் மாறச் சொல்லி நிபந்தனை போடலை. சைவராகவே இருந்துகிட்டு, ஏழெட்டு வருஷம் ஆறுமுகம் அந்த வேலையைச் செஞ்சார்.

என் தொழிலில் ஒரு அனுபவம் உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னாடி யாரோ எழுதின பழைய கோடை வேற ஒரு மொழிக்கு மாத்தற வேலை வந்தா, ஒவ்வொரு வரியா படிச்சாகணும். அதை தினமும் பயன்படுத்தறவனுக்குத் தெரியாத மூலை முடுக்கெல்லாம் நமக்குத் தெரிஞ்சிடும். மொழிபெயர்ப்பும் அப்படித்தான். பிடிக்காத பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது. சர்ச்சில் பிரசங்கத்துக்கு எடுக்காத பக்கங்களும் அதுல உண்டு. ஆசாரியன் என்ன உடுத்தணும், பலிபீடத்தில் நெருப்பு எப்படி அணையாம இருக்கணும், தூபத்தில் என்னென்ன சேரணும், பிணத்தைத் தொட்டவன் எத்தனை நாள் தீட்டு. எல்லாத்தையும் மொழிபெயர்த்தாகணும். இன்னொரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? இன்னைக்கும் தமிழ் பைபிளில் அந்தப் புத்தகங்களின் பெயர் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம். கோயில் விதிகளைச் சொல்ற நம்ம ஆகமம் என்ற சொல்லேதான் அங்கேயும் உட்கார்ந்திருக்கு.

வேலை முடிஞ்சதும் சென்னைக்கு எடுத்துட்டுப் போனாங்க. யாழ்ப்பாணத்தான் எழுதின தமிழா என்று அங்கே சந்தேகம். அந்தக் காலத்துப் பெரிய வித்துவான் மழவை மகாலிங்கையர் பார்த்து, நடை நல்லா இருக்குன்னு சொன்ன பிறகுதான் அது அடங்கியது என்பார்கள். 1850ல் அச்சாச்சு. ஆனா சபைகளுக்கு அது பெருசா ஒட்டலை. பழகின பழைய வாசகத்தையே விரும்பினாங்க. சாமி கும்பிடற மொழியை யாரும் லேசில் மாத்த விட மாட்டாங்க, எந்த மதத்திலும். இருந்தாலும் 1871ல் பவர் தலைமையில் வந்த திருத்தின பைபிளுக்காகப் பார்க்கப்பட்டதில் இந்த 1850 பதிப்பும் ஒண்ணு.

இங்கே ஒரு ஃபார்வர்ட் கதையை நிறுத்தணும். பைபிளை மொழிபெயர்த்தப்போ அதில் இருக்கிற பொய்யைப் பார்த்து அதிர்ச்சியாகி, நாவலர் தூக்கிப் போட்டுட்டு வெளியே வந்தார்னு ஒண்ணு சுத்துது. அப்படி நடக்கலை. நடந்தது அதைவிட சுவாரஸ்யம். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை சாயங்காலம், வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் ஆறுமுகம் முதல் சைவப் பிரசங்கம் பண்ணினார். அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை தோறும். நண்பர் கார்த்திகேய ஐயரும் மாத்தி மாத்திப் பேசினார். இறைவன் ஒருவனே என்பது, சிவலிங்க வழிபாடு, கொல்லாமை, கள்ளுண்ணாமை, தானம் என்று வாழ்க்கைக்குத் தேவையான தலைப்புகள். அப்போ அவர் இன்னும் மிஷன் சம்பளத்தில்தான் இருக்கார்! பகலில் பாதிரியாரோடு வேலை, வெள்ளி சாயங்காலம் கோயில் மண்டபத்தில் சைவம். இது பெர்சிவலுக்குத் தெரியாம இருந்திருக்க வாய்ப்பே இல்லை. 1848 செப்டம்பரில் ஆறுமுகம் தானாகவே வேலையை விட்டார். பெர்சிவல் தடுத்துப் பார்த்தார், கேட்கலை என்று அவர் வரலாற்றை எழுதினவங்க சொல்றாங்க.

சம்பளம் போச்சு. கல்யாணமும் கடைசி வரை பண்ணிக்கலை. அதே வருஷம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை என்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த வருஷம் அச்சு யந்திரம் வாங்க மாணவர் சதாசிவம்பிள்ளையோடு தமிழ்நாட்டுக்கு வந்தார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் பேசினதைக் கேட்டுத்தான் நாவலர் என்ற பட்டம் கொடுத்தாங்க. அப்போ அவருக்கு இருபத்தாறு வயசு. இதை எழுதற என் வயசும் கிட்டத்தட்ட அதுதான், அதைப் பத்தி மேல பேச வேண்டாம்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். இந்தப் பிரசங்கம், வகுப்பு வகுப்பாப் படிப்படியாப் போற பாடப்புத்தகம், வினாவிடை வடிவில் சமயம் சொல்றது, சின்னச் சின்னப் பிரசுரம் அடிச்சு விநியோகம் பண்றது, நிறுத்தக்குறி போட்ட எளிய வசனம், இதெல்லாம் அவர் மிஷனரிகளிடம் பார்த்துக் கத்துக்கிட்டது. பாலபாடமும் சைவ வினாவிடையும் அப்படி வந்ததுதான். எதிராளியின் கையில் நல்ல கருவி இருந்தா எடுத்துக்கறதில் அவருக்கு வெட்கமே இல்லை.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். 1854ல் வந்த சைவதூஷண பரிகாரம். சைவத்தின் மேல் வைக்கிற பழிகளுக்குப் பரிகாரம் என்று அர்த்தம்.

மிஷனரிகள் என்ன சொன்னாங்க? கல்லைக் கும்பிடறாங்க. விளக்கு, தூபம், நைவேத்தியம் எல்லாம் அஞ்ஞானம். தண்ணியில் மூழ்கினா புண்ணியமா? சாம்பல் பூசினா மோட்சமா? கோயில் என்ற கட்டடத்துக்குள்ள கடவுள் இருப்பாரா? தீட்டு என்ன, துடக்கு என்ன? இதுல பாதிக் கேள்வி நமக்காகத் தயாரானது இல்லை. புராட்டஸ்டன்ட்காரர் ஐரோப்பாவில் கத்தோலிக்கரோடு முந்நூறு வருஷமா சண்டை போட்டுத் தீட்டி வெச்ச கத்தி அது. யாழ்ப்பாணத்தில் நம்ம பக்கம் திருப்பினாங்க.

நாவலர் அதுக்குத் திட்டலை. பைபிளைத் திறந்தார். யாத்திராகமத்தில் யெகோவாவே கூடாரம் கட்டச் சொல்றார், அளவு முதற்கொண்டு கொடுக்கிறார். விளக்கு எரியணும்னு சொல்றார். தூபம் காட்டச் சொல்றார். அவர் முன்னாடி அப்பம் படைக்கச் சொல்றார். ஆசாரியர் ஒரே குலத்தில் வழிவழியா வரணும்னு சொல்றார். லேவியராகமத்தில் பிரசவத் தீட்டு இருக்கு, பிணத் தீட்டு இருக்கு. தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னாடி ஆடிக்கிட்டே போறார். எருசலேமுக்கு வருஷத் திருவிழாவுக்கு ஜனம் யாத்திரை போகுது. ஞானஸ்நானத்துக்குத் தண்ணி வேணும், திருவிருந்துக்கு அப்பமும் திராட்சை ரசமும் வேணும். அப்போ பொருளை வெச்சுக் கடவுளை நெருங்கறது அஞ்ஞானம்னு எப்படிச் சொல்வீங்க என்பதுதான் அவர் கேட்ட கேள்வியின் சாரம். உங்க புத்தகம் பொய்னு அவர் ஆரம்பிக்கலை. உங்க புத்தகத்திலேயே இருக்கிறதை எங்க வீட்டில் பார்த்ததும் ஏன் சிரிக்கிறீங்க என்றார்.

இதுக்குக் கிறிஸ்தவர்கள் பதில் இல்லாம முழிச்சாங்கன்னு நான் எழுதினா அது பொய். பதில் இருந்தது, நல்ல பதில். பழைய ஏற்பாட்டுச் சடங்கெல்லாம் நிழல், கிறிஸ்து வந்து தன்னையே ஒரே தடவை பலியாக் கொடுத்த பிறகு நிழலுக்கு வேலை இல்லை. புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபம் முழுக்க இதே வாதம்தான். மேலும் அதே பழைய ஏற்பாட்டில் ஏசாயா தீர்க்கதரிசி, ஒரே மரத்தில் பாதியை விறகாக்கிச் சமைச்சுட்டு மீதியில் சாமி செஞ்சு கும்பிடறவனைப் பார்த்துச் சிரிக்கிறார். கரோல் விசுவநாதபிள்ளை என்ற யாழ்ப்பாணத் தமிழர் நாவலருக்கு மறுப்பா சுப்பிரதீபம் என்று ஒரு நூலே எழுதினார். சாதாரண ஆள் இல்லை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளில் ஒருத்தர். இன்னொருத்தர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் கிறிஸ்தவராக வளர்ந்து, பின்னாடி சைவத்துக்கு வந்து, விவிலிய விரோதம் என்று எழுதினார். ஒண்ணா பட்டம் வாங்கினவங்க, ஆளுக்கொரு பக்கம். விசுவநாதபிள்ளையும் பிற்காலத்தில் சைவத்துக்குத் திரும்பினார் என்பது வேற கதை.

என் கணக்கில் நாவலர் வாதத்தின் பலம் இங்கேதான். விளக்கும் தூபமும் முடிஞ்சு போச்சா இல்லையா என்பது கிறிஸ்தவ விசுவாசத்துக்குள்ள இருக்கிற கேள்வி. அதை நம்பறவங்க நம்பலாம். ஆனா ஒரு காலத்தில் கடவுளே கேட்டு வாங்கின ஒண்ணு, அதன் இயல்பிலேயே பிசாசின் வேலையா இருக்க முடியாது. ஏசாயா சிரிச்ச அந்த ஆள் மரத்தையே சாமின்னு நம்பினவன். நாம் கும்பிடறது கல்லை இல்லை, மந்திரத்தால் ஆவாகனம் பண்ணி அங்கே எழுந்தருளியிருக்கிறவரை. இந்த வித்தியாசத்தைச் சொல்லித் தர நாவலர் ஒரு ஆயுசையே செலவழிச்சார். நம்மில் எத்தனை பேருக்கு இதை ஒரு நண்பரிடம் ரெண்டு நிமிஷத்தில் விளக்க வரும்? எனக்கு அன்னைக்கு ஆபீஸ்ல வரலை.

ஆனா இன்னொரு கேள்விக்கு நாவலரிடம் பதில் இல்லை. சாதி. மிஷன் பள்ளிகளும் ஆரம்பத்தில் சாதிக்குப் பயந்து பயந்துதான் நடந்தாங்க, அது உண்மை. ஆனா கொஞ்சம் கொஞ்சமா கதவைத் திறந்தாங்க. உடுவிலில் 1824லேயே பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி வந்தாச்சு. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிரீன், மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே சொல்லிக் கொடுத்து, தமிழிலேயே புத்தகம் போட்டார். நம்ம நாவலரோ சாதி வரிசையை ஆகமத்தின் பகுதியாவே பார்த்தார். அவர் பள்ளிக்கூடக் கதவு எல்லாருக்கும் திறக்கலை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒருத்தனுக்கு, சர்ச்சில் பெஞ்சு கிடைச்சது என்றால் அவன் ஏன் போகக்கூடாது? லேவியராகமத்தை எடுத்துக் காட்டி இதுக்குப் பதில் சொல்ல முடியாது. கிறிஸ்தவத்துக்கான மிகப் பெரிய வாதமா யாழ்ப்பாணத்தில் இருந்தது எந்தப் புத்தகமும் இல்லை, அந்தப் பெஞ்சுதான். நாவலரை எவ்வளவு மதிச்சாலும் இதை மறைச்சு எழுத எனக்கு மனசு வரலை.

இனி நம்ம அப்பன் கோயிலுக்கு வருவோம். மிஷனரிகளோடு சண்டை போட்ட நாவலர், அதைவிடக் கடுமையா சண்டை போட்டது நல்லூர்க் கந்தசுவாமி கோயிலோடு! ஆச்சரியமா இருக்கா? திருமுருகாற்றுப்படையை உரையோடு பதிப்பிச்சவர், கந்தபுராணத்தை வசனமா எழுதினவர். ஆனா நல்லூர்க் கோயில் ஆகமப்படி நடக்கலை என்பது அவர் கட்சி. ஆட்டைப் பலி கொடுக்கறாங்க, திருவிழாவில் தாசிகளை ஆட வைக்கறாங்க, தீட்சை இல்லாதவங்க பூசை பண்றாங்க, மூலஸ்தானத்தில் விக்கிரகம் இல்லாம வேல் இருக்கு என்று 1870களில் பிரசுரம் பிரசுரமா எழுதித் தள்ளினார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் மேல் கோபம். மிஷனரி பத்திரிகைக்காரர்கள் இதை எப்படிப் பயன்படுத்திப்பாங்கன்னு அவருக்குத் தெரியாதா? தெரியும். அதுக்காக நிறுத்தலை. வெளியே இருக்கிறவன் சுட்டிக்காட்டினா தூஷணம், உள்ளே இருக்கிற நாமே சுட்டிக்காட்டினா துரோகம் என்று அவர் நினைக்கலை.

வேல் விஷயத்தில் மட்டும் நான் அவரோடு இல்லை, மன்னிக்கணும். இன்னைக்கும் நல்லூர் மூலஸ்தானத்தில் வேல்தான். அந்தத் திரை விலகும்போது நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். ஆட்டுப் பலி விஷயத்தில் முழுக்க முழுக்க அவர் பக்கம்தான்.

வள்ளலாரோடு அருட்பா விவகாரம், 1869ல் கோர்ட் வரை போனது, எல்லாருக்கும் தெரியும். அதைத் தனிப் பதிவா எழுதணும், இங்கே வேண்டாம். அங்கேயும் அவருடைய பிடிவாதம்தான் முன்னாடி நிக்குது. அதே பிடிவாதம் 1877 பஞ்சத்தில் வேற முகம் காட்டிச்சு. ஜனம் பட்டினியில் சாகும்போது வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி வெச்சு ஊத்தினார். வீடு வீடாப் போய் அரிசியும் பணமும் கேட்டார். பஞ்சத்தைச் சரியாப் பார்க்கலைன்னு அரசாங்க ஏஜென்ட் ட்வைனத்தை எதிர்த்து எழுதினார்.

பெர்சிவல் என்ன ஆனார்? வெஸ்லியன் சபையை விட்டு ஆங்கிலிக்கன் சபைக்குப் போனார். சென்னையில் தினவர்த்தமானி என்ற தமிழ்ப் பத்திரிகை நடத்தினார், பிரசிடென்சி காலேஜில் சொல்லிக் கொடுத்தார், கடைசி வரை பழமொழி சேர்த்துக்கிட்டே இருந்தார். எதிரும் புதிருமா நின்ன ரெண்டு பேரும் தமிழ் வேலையில் ஒரே மாதிரி ஆளுங்க.

1879 டிசம்பர் 5ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் நாவலர் சிவபதம் அடைஞ்சார். ஐம்பத்தேழு வயசு நிறைய இன்னும் பதிமூணு நாள் இருந்தது. கார்த்திகை மாசம் மக நட்சத்திரத்தில் அவருக்குக் குருபூசை.

பி.கு.: நான் போட்ட அந்தப் பொய் வசனத்தை நம்ம குரூப்ல யாராவது இன்னும் போன்ல வெச்சிருந்தா அழிச்சிடுங்க. நண்பரிடம் மன்னிப்புக் கேட்டாச்சு. அவர் இப்போ என்னிடம் கந்தபுராணம் வசனமா எங்கே கிடைக்கும்னு கேட்டிருக்கார். நான் அவரிடம் லேவியராகமம் வாங்கிப் படிச்சுக்கிட்டு இருக்கேன், பாதி தாண்டியாச்சு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!